மூச்சு வாங்காத என்ஜின்

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேணு போய்விட்டார் என்று அவர் மனைவி சரோஜா காலையில் போனில் சொன்னபோது, என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "வண்டி எங்கம்மா நிக்குது?" என்பதுதான். கேட்ட பிறகே என்ன கேட்டோம் என்று உறைத்தது. அவர், "ஷெட்டுலதானுங்ண்ணா நிக்குது. அது எங்கியும் போகாது. நீங்க வாங்க" என்றார். பத்திரிகையில் எழுதி ஊரைச் சிரிக்க வைத்துப் பிழைப்பவனுக்கு ஒரு சாவு விசாரிக்கக்கூடத் தெரியவில்லை. சிங்காநல்லூரில் சூலூர் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் காது சுட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்காநல்லூர் பேக்கரி வாசலில் எங்களோடு டீ குடித்த உங்களுக்கு வேணுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: சூலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்தார். மில்லில் ஒரு மெஷின் நின்றால், ஓடாத இன்னொன்றிலிருந்து சாமானைக் கழற்றி மாட்டி, அந்த ஷிப்டை ஓட்டிவிடுவது வழக்கம். வேணு அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர் வீட்டு மிக்சிக்கு மூடி வேறு கம்பெனி, குக்கருக்குக் கைப்பிடி வேறு கம்பெனி. அவர் கண்ணாடியின் இரண்டு காதுகளும் இரண்டு நிறம். "ரெண்டும் கம்பெனி சாமானுங்க. கண்ணு தெரியுதா இல்லையா, அதைப் பாருங்க" என்பார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் இவர் இலை மட்டும் காலியாகக் கிடந்தது. தேடிப் போனால், மண்டபத்து வாசலில் நின்ற ஒரு காருக்கு அடியிலிருந்து பட்டு வேட்டி கட்டிய இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என்ஜினில் வார்த்திருக்கும் நம்பரைப் படிக்கப் போயிருக்கிறார். மாப்பிள்ளையின் பெரியப்பா காலைப் பிடித்து வெளியே இழுத்து, "ஏனுங்க, நீங்க பொண்ணு ஊடா, மாப்பிள்ளை ஊடா?" என்று கேட்டார். வேணு வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வண்டி ஊடுங்க" என்றார்.

இதை நான் விடுவேனா? பெயரை மட்டும் மாற்றிப் பத்திரிகையில் எழுதிவிட்டேன். கண்ணாடிக் காதுகளின் நிறத்தை மாற்ற மறந்துவிட்டேன். மில்லில் ஆறு மாதம் அவரை எல்லாரும் 'வண்டி ஊடு' என்றே கூப்பிட்டார்கள். அந்த ஆறு மாதமும் அவர் என்னோடு பேசவில்லை.

அந்த நம்பரை அவர் தேடியதற்குக் காரணம் இருந்தது. அவருடைய பழைய ஆயிரத்து முந்நூறு சிசி காரின் என்ஜினைப் பெரிதாக்கும் ஆசை. புது என்ஜின் வாங்குகிற ஆள் இல்லை அவர். அதே கம்பெனியின் பெரிய காரில், பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டான கிராங்க் கொஞ்சம் நீளமாக எட்டிச் சுற்றும். சைக்கிளில் பெடல் கட்டையை நீளமாக்கினால் கால் கூடுதலாக ஏறி இறங்குவது போல, அதை மாட்டினால் பிஸ்டன் கூடுதலாக ஏறி இறங்கும். வண்டிக்கு இழுவை வரும். ஆனால் பிஸ்டன் மேலே தலையை நீட்டிவிடும். அதற்கு அதே கம்பெனியின் மூன்றாவது வண்டியிலிருந்து குட்டையான பிஸ்டன் வேண்டும். மூன்று வண்டியின் சாமான், ஒரு என்ஜின். எல்லாம் உக்கடம் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியது. சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நம் ஜோசப்தான் அந்தக் கிராங்கை மெருகு போட்டுக் கொடுத்தார். வாங்கப் போனபோது அதை நான் பெஞ்சில் படுக்க வைத்துவிட்டேன். வேணு பதறிப்போய் நிமிர்த்தி வைத்தார். "கிராங்கைப் படுக்கப் போடக்கூடாதுங்க. நாளானா வளைஞ்சு போயிரும்."

அதன் பிறகுதான் இருமல் வந்தது. நுரையீரல் கெட்டிப்பட்டுக்கொண்டே போகிறது, திரும்பச் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறடி ஆள் வாசற்படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். பார்க்கப் போனால், "நானும் கிராங்க் ஆயிட்டனுங்க. படுக்கப் போடக்கூடாது" என்று சிரிக்கப் பார்ப்பார். சிரிப்பு பாதியில் இருமலாகும். சரோஜா முதுகைத் தடவுவார். நான் சுவரைப் பார்ப்பேன். நகைச்சுவைக்காரன் அங்கே அவர்தான்.

அந்த நிலையில்தான் முடிவெடுத்தார். என்ஜினை முடிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற வேண்டும். "எனக்குத்தான் மூச்சு வாங்குது. இதாச்சும் வாங்காம ஏறோணுமுங்க" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கும்பிடாத சாமி இல்லை என்று சரோஜா அலைந்துகொண்டிருந்தார். இவருக்கு இந்த ஒன்றுதான்.

ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே கோத்தார். ஒரு போல்ட்டை முறுக்குவார், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து மூக்குக் குழாயில் ஆக்சிஜன் வாங்குவார். உதவிக்குப் போன ஜோசப்பையும் என்னையும், "நீங்க வந்தா வாய்தான் ஓடும், வேலை ஓடாது" என்று விரட்டிவிட்டார். என்ஜினைக் கோத்தவுடன் சாவி போடக்கூடாது, முதலில் கையால் முழுதாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். "எங்க இடிக்குதுன்னு கைக்குத்தான் தெரியுமுங்க. சாவி போட்டா உடைஞ்ச பொறகுதான் தெரியும்."

ஒரு நாள் போன் செய்தார். "முடிச்சுப்போட்டனுங்க."

ஜோசப் ஓட்டினார். வேணு முன் சீட்டில், முழங்கால்களுக்கு நடுவே ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்தபடி. பின்னால் சரோஜாவும் நானும். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஜோசப் ஆக்சிலேட்டரை அழுத்தி, "யப்பா, இழுவை பாருங்க!" என்று கத்தினார். எனக்கு முதுகு சீட்டோடு போய் ஒட்டியது. கொண்டை ஊசி வளைவுகளில் கீழே தெரிந்த பஸ்கள் பொம்மை போலப் பின்தங்கின. நான் வழக்கம்போல அளந்துவிட்டேன்: "வேணு, இன்னுங் கொஞ்சம் விட்டா ரெக்கை மொளைச்சுருமுங்க!"

வேணு திரும்பி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நெசமாலுமே வித்தியாசம் தெரியுதுங்களா?"

"ஏனுங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? பறக்குதுங்க!" என்றோம் ஜோசப்பும் நானும். சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேணு கண்ணை மூடி, கோத்தகிரி வரும் வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். அதன் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வந்தது கடைசிப் பயணத்துக்குத்தான். அன்றைக்குத்தான் அவரைப் படுக்க வைத்துப் பார்த்தேன். மூக்குக் குழாய் பதிந்த தடம் கன்னத்தில் அப்படியே இருந்தது.

அவருடையது என்று என்னிடம் பொருள் எதுவும் இல்லை. நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஏற்றத்தில் முதுகில் பட்ட இழுவையை மட்டும்தான். சாகப்போகிற ஒரு மனிதன் மூன்று வண்டியின் சாமானைக் கோத்து என்னை மலைமேல் தள்ளிய அந்த வேகம், இதை எழுதும்போதும் முதுகில் இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, வண்டியை ஜோசப்பே வைத்துக்கொள்ளட்டும் என்றார் சரோஜா. எடுக்கப் போனோம். அடியில் எண்ணெய் சொட்டியிருந்தது. ஜோசப் கீழே படுத்து எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பிறகு, "இங்க வந்து பாருங்க. இது நான் மெருகு போட்ட கிராங்க் இல்லீங்க. வண்டியோட வந்த பழைய கிராங்க்" என்றார்.

காபியோடு வந்த சரோஜா டம்ளர்களைக் கீழே வைத்தார். "கையில சுத்திப் பாக்கறப்பவே பெரிய கிராங்கு என்ஜின் பிளாக்குல இடிச்சுதுங்ண்ணா. கொஞ்சம் தேச்சு எடுத்தாப் போதும்னாரு. அந்தத் தூளு இவருக்கு ஆகாதே. ஜோசப் அண்ணங்கிட்டக் குடுங்கன்னேன். குடுத்தா உங்களுக்குத் தெரிஞ்சுரும், நீங்க எழுதிப்போடுவீங்கன்னாரு. பழைய பிஸ்டன், பழைய கிராங்கையே போட்டு மூடிட்டாருங்க."

நீளக் கிராங்க் உள்ளே அவர் கட்டிலுக்குப் பின்னால் இருந்தது. எண்ணெய் பூசி, பழைய வேட்டி சுற்றி, படுக்காமல் நின்றுகொண்டிருந்தது.