உப்பில்லாத முப்பத்தொரு நாள்

என் நோயின் முதல் அறிகுறிக்குக் கடையில் பாராட்டுக் கிடைத்தது. தியாகராய நகரில் ஒரு புடவைக் கடையில் பதினெட்டு வருடமாக விற்பனையாளராக இருக்கிறேன். அந்த ஆடித் தள்ளுபடிச் சமயத்தில் எனக்குத் தூக்கம் தேவைப்படவில்லை, பசிக்கவில்லை, வாய் ஓயவில்லை. ஒரு புடவை கேட்டு வந்தவர்களுக்கு நாற்பது விரித்துக் காட்டினேன். என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி மேலாளர் மற்றவர்களிடம் சொன்னார். இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம், அலமாரிப் புடவை அத்தனையையும் இறக்கிப் போட்டு, அதன்மேல் நின்றுகொண்டு, வாடிக்கையாளர்களை வெளியே விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். நான்கு பேர் சேர்ந்து என்னை இறக்கினார்கள்.

பிறகு இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பல் தேய்ப்பதே பெரும்பாடாக இருந்தது. அரசு மருத்துவமனையில் இருதுருவ மனநோய் (மனம் ஒரு காலம் அளவுமீறிப் பொங்கி, இன்னொரு காலம் அடியோடு சோர்ந்துபோகும் நோய்) என்றார்கள். பெயர் தெரிந்ததும் பாதி குணமாகிவிடும் என்று நினைத்தேன். சரியான மருந்து கிடைக்க அதன்பிறகு ஒன்றரை வருடம் ஆயிற்று.

முதல் மாத்திரையில் நாள் முழுக்கத் தூங்கி வழிந்தேன். சட்டைப் பொத்தான் போட முடியாத அளவுக்குத் தொப்பை வந்தது. இரண்டாவதில் உடம்பெல்லாம் தடிப்பு; டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். மூன்றாவது ஒத்துக்கொண்ட மாதிரிப் பாவனை செய்து, ஐந்தாம் மாதம் கைவிட்டது. அந்தத் தடவை மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய், வகுப்பறைக்குள் நுழைந்து, நானே பாடம் நடத்தினேன். அவள் அப்போது நான்காம் வகுப்பு. அதற்குப் பிறகு என்னோடு தெருவில் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

என் மனைவி செல்வி அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று சொன்னாள்: “மறுபடியும் இப்டி ஆச்சுன்னா புள்ளைய இட்டுக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். சண்டைக்குச் சொல்லல. பயந்துக்கினு சொல்றேன்.”

நான்காவதாக வந்தது லித்தியம் (மனநிலையின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு தாது உப்பு). இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் பயனில்லை, கூடினால் விஷம் என்றார் டாக்டர். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சாப்பாட்டில் உப்பை நீங்களாகக் குறைக்கவே கூடாது, குறைத்தால் உடம்பு மருந்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். தலையாட்டினேன். செல்வியை நான் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதில்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுவாள். ஆகவே சொன்னதைக் கேட்டவன் நான், சமைத்தவள் அவள்.

மருந்து ஒத்துக்கொண்டது. மூன்று மாதம் ஒழுங்காகத் தூங்கி எழுந்தேன். தாகமும் விரலில் லேசான நடுக்கமும் தவிர வேறு குறையில்லை. கடையில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு, புடவை மடித்து வைக்கும் வேலை கொடுத்தார்கள்.

அப்போதுதான் வீட்டுச் சாப்பாட்டில் உப்பு நின்றது. சாம்பாரில் இல்லை, பொரியலில் இல்லை, கடைக்குக் கட்டித் தரும் டப்பாவிலும் இல்லை. மகளுக்கு மட்டும் தொட்டுக்கொள்ள ஊறுகாய் வைத்தாள். செல்விக்கு இரத்த அழுத்தம் வந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அத்தனை கூத்து அடித்தவன் குழம்பில் குறை சொல்வதா? டாக்டர் சொன்னது நினைவில்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. நானாகக் குறைக்கக் கூடாது என்றுதானே சொன்னார், நான் எங்கே குறைத்தேன் என்று எனக்குள் நியாயம் பேசிக்கொண்டேன்.

நான்காம் வாரம் வயிறு கழியத் தொடங்கியது. டம்ளரைப் பிடித்தால் பாதித் தண்ணீர் சட்டையில். நடந்தால் கால் பின்னியது, நாக்குத் தடித்தது. கடையிலிருந்து மயிலாப்பூர் வீட்டுக்கு வரும் பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் குடிகாரன் என்று எழுந்து தள்ளிப் போனார். வீட்டில் செல்வி என் வாயை முகர்ந்து பார்த்தாள். சாராய வாசனை இல்லை என்றதும் அவள் முகம் இன்னும் வெளுத்தது.

மகளின் துணிகளை மடித்து ஒரு பையில் வைக்க ஆரம்பித்தாள்.

மனம் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆடுவது உடம்பு மட்டும்தான் என்று சொல்ல வந்தேன். சொல் குழறியது. என்ன சொன்னாலும் அது நோய் பேசுவதாகத்தான் அவளுக்குக் கேட்டிருக்கும். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த இரண்டு மாதத்தில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். துணைக்கு ஆள் வேண்டும் என்பதால் செல்வியும் வந்தாள். இரத்தத்தில் மருந்தின் அளவு இருக்க வேண்டியதைப் போல் இரண்டு பங்கு இருந்தது. காய்ச்சல் வந்ததா, வலி மாத்திரை போட்டீர்களா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் உப்புக்கு வந்தார். செல்வி தரையைப் பார்த்தாள். நேர்ந்துகொண்டதை முடிக்கும் முன் வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

“அம்மனுக்கு நேர்ந்துக்கினேன் மேடம். இவருக்கு சரியாவணும்னு ஒரு மண்டலம் வூட்ல உப்பு போட மாட்டேன்னு. இன்னியோட முப்பத்தோரு நாளு.”

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “நல்லதுக்குத்தாம்மா செஞ்சீங்க. ஆனா இவருக்கு உப்பு எப்பவும் போல இருக்கணும். இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க.”

நான் கேட்க நினைத்தது ஒன்றுதான்: இந்த மருந்தையும் நிறுத்திவிடுவீர்களா? மூன்று முறை முயன்ற பிறகுதான் வாய் ஒத்துழைத்தது. அளவு இறங்கும்வரை சில நாள் நிறுத்துகிறோம், பிறகு குறைத்துத் தொடங்கலாம் என்றார். அழுதேன், வெட்கப்படவில்லை.

ஆறு நாள் சொட்டு மருந்து ஏறியது. வீட்டுக்கு வந்தபோது மகளின் துணிகள் கொடிக்குத் திரும்பியிருந்தன. செல்வி எனக்கு உப்புப் போட்டுச் சமைத்தாள். நாற்பத்தெட்டு நாள் மண்டலம் முடியும்வரை தான் மட்டும் உப்பில்லாமல் சாப்பிட்டாள். விட்டுவிடு என்றேன். “அது எனக்கும் அம்மனுக்கும். நீ துன்னு” என்றாள்.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் பேசும்போது வீட்டில் சமைப்பவரும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு வருடம் ஆகிறது. என் நாட்காட்டியில் இப்போது பொங்கலும் தீபாவளியும் பின்னால் போய்விட்டன. ஒரு இரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததுவரைதான் கணக்கு. வியர்த்தாலும் தாகம் எடுத்தாலும் உடம்பு என்ன சொல்கிறது என்று நின்று கேட்கிறேன். சோர்வு வந்தால் சந்தேகம். சந்தோஷம் வந்தால் அதைவிடச் சந்தேகம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் தன் கணக்கு டீச்சர் தும்முவதை நடித்துக் காட்டினாள். நான் சிரித்தேன். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மகள் நடிப்பதை நிறுத்திவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். செல்வி கரண்டியோடு வந்து நின்றாள்.

“மாத்திரை போட்டியா?”

“போட்டேன்.”

என் கண்ணைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிடத்தை யாரும் எனக்காகக் கடந்து தர முடியாது.

பிறகு அவள் மகள் பக்கம் திரும்பி, “திருப்பிச் செய்டி, நானும் பாக்கறேன்” என்றாள்.