வீரமலை பரப்பச் சொன்ன ரகசியம்

கொட்டகலைக் கடைவீதியில் எந்தச் செய்தியும் என்னிடமிருந்து புறப்பட்டுத்தான் மற்றவர்களுக்குப் போய்ச் சேரும். தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கர் வேலை பார்ப்பதே செய்தி சேர்க்கத்தான் என்று பெரிய துரையே சொல்லியிருக்கிறார். போன வியாழக்கிழமை அந்த முறை மாறிவிட்டது. ரொட்டி வாங்கப் போன என்னைப் பார்த்ததும் காதர் நானா தராசைக் கீழே வைத்தார்.

"கிளாக்கரையா, ஒங்களுக்கே தெரியாதா? லொறி வீரமலை மவுத்தாகிட்டாரு. காலையில நெஞ்சு வலின்னு படுத்தவரு எந்திரிக்கவே இல்லையாம்."

ரொட்டியை மறந்து திரும்பினேன். யாரிடமும் எதுவும் சொல்லாமல் அந்தக் கடைவீதியை நான் கடந்தது அதுவே முதல் தடவை.

எங்கள் தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகும் லொறியின் டிரைவர் வீரமலை. அவரோடு முன்சீட்டில் போனவர்களுக்குத் தெரியும், வளைவு வரும்போது நாம் சாமியைக் கூப்பிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். "பள்ளத்தப் பாக்காதீங்கய்யா. நாம பாக்காட்டி அது நம்மள மறந்துரும்" என்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு பாதி மலைநாட்டைச் சுற்றியது அப்படித்தான்.

அவர் மனைவி அழகம்மா கொழுந்தெடுக்கிறவர். மாதாமாதம் சில நாட்கள் கூடையைத் தூக்க முடியாமல் லயத்து வீட்டில் சுருண்டு கிடப்பார். உதிரப்போக்கு நிற்காது. இரண்டு தடவை கரு உண்டாகிக் கலைந்தது. வயிறு மட்டும் கொஞ்சம் உப்பியே இருக்கும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள், "என்னடி, முழுகாம இருக்கியா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவர் தண்ணீர் எடுக்கப் போவதை விட்டார். வீரமலையின் அம்மாவுக்கோ பொறுமை தீர்ந்துவிட்டது. "மலட்டு மரத்துக்கு எதுக்குடா உரம்?" என்று சொல்லி, நோட்டன் பிரிட்ஜில் இருந்த தன் தம்பி மகளை அவருக்கு இரண்டாம் தாரமாகப் பேசி முடித்தார். தையில் கல்யாணம் என்றார்கள்.

அதற்கு முன்னால் ஒரு நாள் கண்டியிலிருந்த பெண் டாக்டரிடம் அழகம்மாவைக் கூட்டிப்போனார் வீரமலை. இங்கிலீசை மொழிபெயர்க்க நான். என் இங்கிலீசு தேயிலைப் பெட்டிகளைப் பற்றி மட்டும்தான் சரளமாகப் பேசும். டாக்டர் கேட்ட கேள்விகளை நான் கூரையைப் பார்த்துச் சொன்னேன். அழகம்மா தரையைப் பார்த்துப் பதில் சொன்னார். வீரமலைக்குச் சிரிப்பு. "என்னங்கய்யா, பொண்ணு பாக்க வந்த மாதிரியில்ல இருக்கு!"

பரிசோதித்துவிட்டு டாக்டர் நிதானமாகச் சொன்னார். கருப்பையின் உள்பக்கம் படர்ந்திருக்க வேண்டிய படலம், அதன் தசைச் சுவருக்குள்ளேயே இறங்கி வளர்ந்திருக்கலாம். மாதாமாதம் அதிலிருந்து சுவருக்குள்ளேயே உதிரம் கசியும். வலியும் வீக்கமும் அதனால்தான். இப்படி இருந்தால் சிலருக்குக் கரு தங்குவது கஷ்டம். தங்கினாலும் கலையலாம், மாதம் முடியும் முன்பே பிறக்கலாம். நல்லபடியாகப் பெறுகிறவர்களும் உண்டு. அந்த நாளில் கருப்பையை எடுத்து அறுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் தெரியும். பிள்ளை வேண்டுமென்றால் எடுக்க முடியாது.

அந்த நோய்க்கு அவர் சொன்ன 'அடினோமயோசிஸ்' என்ற பெயர் என் நாக்கில் வழுக்கி விழுந்தது. வீரமலை கைகொடுத்தார். "ஓதங்கய்யா. நம்ம லயத்துச் சுவருக்குள்ள ஈரம் ஏறி ஊதிக்கிட்டு நிக்குதே, அதானே?" நான் அதை இங்கிலீசாக்கிச் சொன்னதும் டாக்டர் சிரித்துத் தலையாட்டினார்.

திரும்பும்போது இறம்பொடையில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற லொறியை நிறுத்தினார். அழகம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

"கிளாக்கரையா, ஒரு ரகசியம்."

"சொல்லுப்பா. என் வாயிலிருந்து போகாது."

"போகணும். அதுக்குத்தான் ஒங்களக் கூட்டியாந்தேன்."

எனக்கு விளங்கவில்லை.

"கொற எங்கிட்டன்னு டாக்டரம்மா சொன்னதாச் சொல்லுங்க. வித்துல பலமில்ல, அதான் கரு நிக்கலன்னு. ரகசியம், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லியே சொல்லுங்க. அப்பதான் சீக்கிரம் போகும்."

"ஆம்பளைக்கு மானம்னு ஒண்ணு இருக்கேப்பா?"

"எம் மானம் லொறி மாதிரிங்கய்யா, பாரம் ஏத்தலாம். அவதான் இத்தன வருசமாத் தலையில சொமக்குறா."

நான் நால்வரிடம்தான் சொன்னேன். பாக்கித் தோட்டங்களை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். செய்தி நோட்டன் பிரிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்ததும், மாமன் பெண் கொடுக்க மறுத்துவிட்டார். மகன் மீதே குறை என்றானதும் அம்மாவின் வாயும் அடைத்துப்போயிற்று.

பிறகுதான் வீரமலைக்குச் சோதனை. பேக்டரி டீமேக்கர் லேகியம் கொடுத்தார், காதர் நானா பேரீச்சம்பழம் கொடுத்தார், பூசாரி எதையோ அரைத்துக் கொடுத்தார். என்மேல் சந்தேகம் வரக்கூடாதே என்று நானும் முருங்கைப்பூவைச் சிபாரிசு செய்தேன். எல்லாவற்றையும் ஊர் பார்க்கத் தின்றார். எவனாவது கேலி செய்தால், "ஆமண்ணே, எஞ்சின் வீக்கு" என்று அவரே முந்திக்கொள்வார்.

மூன்றாவது தடவை கரு தங்கியது. டாக்டர் சொல்படி அழகம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போகாமல் படுத்திருந்தார். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, பெண் குழந்தை பிறந்தது, பூனைக்குட்டி அளவில். பஞ்சிலும் வெந்நீர்ப் போத்தல்களின் சூட்டிலும் வைத்து அதைக் காப்பாற்றினார்கள். டீமேக்கர் தன் லேகியம் என்றார். நானா தன் பழம் என்றார். வீரமலை அத்தனை பேருக்கும் நன்றி சொன்னார். சில வருடம் கழித்து உதிரப்போக்கு தாங்காமல் கருப்பையை எடுத்தபோது, டாக்டரின் கணிப்பு சரியென்று தெரிந்தது. "ஓதந்தான்" என்று வீரமலை என்னிடம் மட்டும் சொன்னார்.

சாவு வீட்டில் தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே அழகம்மா என்னை அருகே கூப்பிட்டார்.

"ஐயா, இனி நெசத்தச் சொல்லிப்புடுங்க. கீழ்லயத்துல ரெண்டு புள்ளைங்க என்னாட்டமே சுருண்டு கெடக்குதுக. மலடின்னு பேரு வச்சாச்சு. அதுகளும் டாக்டருகிட்ட போகணும்ல?"

நான் தலையாட்டினேன். அழுத கண்ணோடு அவர் லேசாகச் சிரித்தார்.

"ரகசியம்னு சொல்லியே சொல்லுங்க. அப்பதான் சீக்கிரம் போகும்."

இறம்பொடையில் அவர் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீரமலையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒன்றுதான்: ஊரார் பழித்த என் ஓட்டை வாய்க்கு அவர் கொடுத்துவிட்டுப் போன வேலை. அதைத்தான் இங்கே செய்திருக்கிறேன். இது ரகசியம். தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.