நர்சரிக்குள் புகுந்த மூன்று ஆடுகள்

கலவானைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எனக்குக் காவல் வேலை கிடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் நர்சரியில் மூன்று ஆடுகள் புகுந்து கன்றுகளின் கொழுந்தையெல்லாம் மொட்டையடித்துவிட்டன.

தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயா கூப்பிட்டு ஏசினார். "நீயெல்லாம் ஒரு காவக்காரனா? அது லயத்து முனியம்மா ஆடுங்கதான். சாயந்தரம் துரை முன்னால பிடிச்சுக் கொண்டாந்து நிறுத்து. அவ பட்டியைப் பிரிச்சுப் போட்டுருவோம்."

முனியம்மா லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருப்பவள், ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவள், புருஷன் இல்லாதவள். கைப்பிள்ளைக்கு ஆட்டுப்பால்தான் ஆகாரம். "எங்க ஆடு ரெண்டும் கட்டுலயே நிக்குதுங்க அண்ணே. வந்து பாருங்க" என்று அழுதாள். போய்ப் பார்த்தேன்; நின்றன. கிளாக்கரிடம் சொன்னேன்.

"வேற ஆடும் ஒளிச்சு வளக்குறா. நீ போய்ப் பிடி!"

பிடிப்பதாம்! மூன்றும் நர்சரிக்கு மேலே பாறைச் சரிவில் நின்றன. மாடென்றால் வாலை முறுக்கினால் நடக்கும். ஆட்டைக் கீழே விரட்டினால் மேலே ஏறுகிறது. நாலு குளம்பையும் ஒன்றாகச் சேர்த்து, கையகலப் பாறை விளிம்பில் நின்று அசைபோடுகிறது. ஒன்றின் கழுத்தில் கயிறு போட்டேன். முன்னங்கால்களை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்தது. பின்னாலிருந்து தள்ளினேன், படுத்துக்கொண்டது. இழுத்த இழுப்பில் நான்தான் சறுக்கி முட்டியைப் பேர்த்துக்கொண்டேன். "சனியன்களா, எக்கேடாவது கெட்டுத் தொலைங்க!" என்று கயிற்றை அவிழ்த்து வீசினேன்.

அப்போது மழை பிடித்தது. முதுகில் துளி பட்டதும் மூன்றும் பாறையிலிருந்து குதித்து, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி ஓடின. நான் நொண்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். முனியம்மா லயத்தைத் தாண்டின, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துரையும் கிளாக்கரும் நின்ற ஆபீஸ் வாசலையும் தாண்டி, அடுத்திருந்த கிளாக்கர் வீட்டு விறாந்தையில் ஏறி உடம்பை உதறின.

கிளாக்கரின் சம்சாரம் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "ஐயோ, என் கண்ணுகளா! காலையிலயிருந்து எங்கடி போயிருந்தீங்க?"

தோட்டத்தை நடத்துகிற துரை சிங்களவர், தமிழைத் தட்டுத்தடுமாறித்தான் பேசுவார். அன்றைக்குத் தெளிவாகவே கேட்டார்: "கிளாக்கர், இப்ப எந்தப் பட்டி உடைக்கிறது?"

எந்தப் பட்டியும் உடையவில்லை. கிளாக்கர்தான் அதன்பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

காவல் வேலைக்கு வருகிற பிள்ளைகளே, ஆடு யாருடையது என்று ஆபீசில் போய்க் கேட்காதீர்கள். கயிற்றைத் தூக்கிக்கொண்டும் அலையாதீர்கள். இரத்தினபுரிப் பக்கம் மழைக்கா பஞ்சம்? கொஞ்சம் பொறுங்கள்.