மூன்றாம் தொட்டி மீன்களின் புரட்டாசி விரதம்

மீன் லேபரட்டரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னைக் கறிக்கடைக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. தூத்துக்குடிக் கடற்கரையில் ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம்தான் லேபரட்டரி. நான் டெம்பரரி அட்டெண்டர். எங்கள் அதிகாரி சென்னைக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர், சைவச் சாப்பாடு, மூக்கு நுனியில் கோபம்.

“ஆட்டுக் கழுத்துல மூச்சுக்குழல் பக்கத்துல ரெண்டு கட்டி மாதிரி இருக்கும். அது மட்டும் வாங்கிட்டு வாங்க” என்றார்.

கறிக்கடை காதர் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணாச்சி, எல்லாரும் தொடைக்கறி கேப்பாவ. நீங்க என்ன, தூரப் போடுத கட்டியக் கேக்கிய?”

“மீனுக்கு, பாய்.”

“குடுத்து வச்ச மீனு” என்று பொட்டலம் கட்டினார்.

1. மூன்று தொட்டிகள்

உப்பளத்து ஓடையில் வேட்டியை விரித்து அரித்தால் பால்கெண்டைக் குஞ்சு கிடைக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். கண் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளி. சில வாரத்தில் செதில் முளைத்து, வெள்ளி நிறம் ஏறி, பெரிய மீனின் உருவத்துக்கு வந்துவிடும். தொண்டைப் பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பிதான் இந்த மாற்றத்தைச் செய்கிறது என்று நிரூபிக்க அதிகாரி மூன்று தொட்டி வைத்தார்.

முதல் தொட்டியில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் தயோயூரியா என்ற மருந்து. அது தைராய்டை வேலை செய்ய விடாது, குஞ்சு குஞ்சாகவே நின்றுவிடும். மூன்றாவதிலும் அதே மருந்துதான். ஆனால் அந்த மீன்களுக்கு ஆட்டின் தைராய்டைக் காயவைத்துப் பொடித்துக் கடலைப் புண்ணாக்கில் கலந்து போட வேண்டும். சொந்தச் சுரப்பி படுத்துக்கொண்டாலும் ஆட்டுச் சுரப்பியின் தயவில் அவை வளர வேண்டும்.

“இது சரியா வந்தா, உங்க போஸ்ட்டை பெர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதறேன்” என்றார் அதிகாரி. எனக்கு இரண்டு பிள்ளைகள். அந்தக் குஞ்சுகளை என் பிள்ளைகளைவிட நன்றாகக் கவனித்தேன். பத்து நாளில் மூன்றாம் தொட்டியிலும் வெள்ளி மினுக்கம் தெரிந்தது.

2. விரதம்

அப்போது புரட்டாசி பிறந்தது. நாங்கள் உடன்குடிப் பக்கம். எங்கள் வீட்டில் பெருமாளுக்கு மாதம் முழுக்க விரதம், கறிக்கடை வாசலை மிதிக்கமாட்டோம், கறியைக் கையால் தொடவும் மாட்டோம். அதிகாரியிடம் சொல்லப் பயமாக இருந்தது. டெம்பரரி ஆள் சாக்குச் சொல்கிறான் என்று நினைத்துவிட்டால்? மீன்தானே, நம்மோடு சேர்ந்து அதுவும் விரதம் இருக்கட்டும் என்று முடிவுகட்டினேன். வெறும் புண்ணாக்கைப் போட்டேன். ரெஜிஸ்டரில் ‘சுரப்பிப் பொடி’ என்ற கட்டத்தில் தினமும் டிக் போட்டேன்.

புரட்டாசி பதினெட்டாம் நாள் அதிகாரி லென்ஸ் வைத்துப் பார்த்தார். முதல் தொட்டி மீன்கள் பளபளத்தன. மூன்றாம் தொட்டியில் பாதிக் கண்ணாடியாக அப்படியே நின்றன.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “என் யோசனையே தப்புபோல. ஃபெயில்னு நாளைக்கு மெட்ராஸுக்கு எழுதிடறேன். உங்க மேல குத்தமில்லை. நீங்க ஒழுங்காப் போட்டிருக்கீங்க, ரெஜிஸ்டர்ல இருக்கே.”

அவர் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன்.

“மீன யாரு விரதம் இருக்கச் சொன்னா? போயி உள்ளதச் சொல்லுங்க. வேல போனா எங்க அண்ணன் கடையில நிக்கலாம்” என்றாள்.

3. சிவப்பு மை

மறுநாள் காலையில் அதிகாரி கடிதத்தை உறையில் போடும்போது சொல்லிவிட்டேன்.

“பதினெட்டு நாளாவா?”

“ஆமா சார். பெருமாளுக்கு.”

“பெருமாள் உங்ககிட்ட வந்து கேட்டாரா?” என்று ஆரம்பித்து அவர் போட்ட சத்தத்தில், உப்பளத்தில் வேலை செய்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாதியில் சட்டென்று நிறுத்தினார். ரெஜிஸ்டரை இழுத்தார். பொடி போட்ட நாட்களில் மாற்றம். போடாத நாட்களில் தேக்கம்.

“இப்ப மறுபடியும் போட்டா?” என்றார் மெதுவாக.

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். புரட்டாசி முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. முட்டைகூடத் தொடாத மனிதர், மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு தாமே காதர் பாய் கடைக்குப் போனார். பொட்டலத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்தபடி திரும்பி வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளும் பொடி போட்டது அவர்தான். ஐப்பசி பிறந்தபோது மூன்றாம் தொட்டி வெள்ளியாக மின்னியது.

பொய் டிக்குகளை அழித்துவிட்டு எழுதலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். பதினெட்டையும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ‘போடவில்லை, விரதம்’ என்று பதினெட்டு முறை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சென்னையிலிருந்து வந்த மேலதிகாரி அந்தப் பக்கத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “கொடுத்தோம், நிறுத்தினோம், திரும்பக் கொடுத்தோம். இதைவிட நல்ல ப்ரூஃப் வேணுமா?” என்றார். தை மாதம் என் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: செய்ததை எழுதுங்கள், செய்யாததையும் எழுதுங்கள். நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால், மீன் வளர்ச்சிக்கும் தைராய்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு ரிப்போர்ட் சென்னைக்குப் போயிருக்கும். அதன் அடியில் இருந்திருக்கும் கையெழுத்து என்னுடையதல்ல, என் ரெஜிஸ்டரை நம்பியவருடையது.