இடது தோளில் பஞ்சு

கவியரசனுக்கு நாகராஜனைக் கண்டாலே ஆகாது. பஸ்ஸில் அவன் ஏறினால் இவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். கல்யாண வீட்டில் அவன் முதல் பந்தியில் உட்கார்ந்தால் இவர் மூன்றாம் பந்தி வரை பசியோடு நிற்பார். இத்தனையும் ஒரு பழைய கோட்டுக்காகவும் ஒரு பழைய வாளுக்காகவும் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களை யாரும் திருடன் வீடு என்று சொன்னதில்லை.

ராஜா காலத்தில் அவர்கள் ஊரிலிருந்து ஒருவர் சமஸ்தானப் பட்டாளத்தில் இருந்தார். இன்னொருவர் அவருடைய குதிரையைப் பார்த்துக்கொண்டார். பட்டாளத்துக்காரரின் சிவப்புக் கோட்டு இன்று கவியரசன் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வாள் நாகராஜன் வீட்டில் இருக்கிறது. எங்கள் தாத்தாதான் பட்டாளம், கோட்டு உங்கள் குதிரைக்காரன் திருடியது என்று அந்த வீடு சொல்லும். பட்டாளம் எங்கள் தாத்தா, வாள்தான் களவு போனது என்று இந்த வீடு சொல்லும். ஆனால் ஆயுத பூஜைக்கு அய்யனார் கோயிலில் வைப்பது வாளைத்தானே? கோட்டுக்கு யார் பொட்டு வைப்பார்கள்? ஊர் வாள் பக்கம் சாய்ந்தது. கவியரசன் வீட்டுக்குக் 'கோட்டுத் திருடன் வீடு' என்ற பெயர் நிலைத்தது.

கவியரசனின் மகள் ஹரிணியைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட நாகராஜன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "மாப்ள, கோட்டு கீட்டு கழட்டி வச்சிராதீங்க. இது ஒரு மாதிரியான வீடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்தச் சிரிப்பு மட்டும் கவியரசனின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அந்தப் பெயரைத் துடைக்காமல் சாவதில்லை என்று முடிவு கட்டினார்.

அவருக்குத் திருமயத்தில் யூனிபார்ம் தைக்கும் கடை. பேண்டு செட்டு, செக்யூரிட்டி, என்.சி.சி. என்று தைத்துத் தைத்தே பட்டாள உடுப்பின் மேல் பித்துப் பிடித்தது. காரைக்குடியில் பழைய சாமான் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்துப் பித்தளைப் பட்டன்களும் பெல்ட்டுகளும் சேர்த்தார். உடுப்பை உள்பக்கம் திருப்பினால் போட்டவனின் ஜாதகமே தெரியும் என்பது அவருடைய பீற்றல். தாத்தாவின் கோட்டைப் பற்றி ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார். கழுத்துப்பட்டியின் உள்ளே 147 என்ற முத்திரை. இடது இடுப்பில் வாள் தொங்கவிடும் கொக்கிக்கு ஓட்டை. இடது தோளில் மட்டும் இரண்டு விரல் கனத்துக்குப் பஞ்சுத் திண்டு. 'துப்பாக்கி சாத்துவதற்கு' என்று அதன் கீழே எழுதி இரண்டு கோடும் போட்டிருந்தார். தானே போட்டுப் பார்த்தபோது அந்தத் தோள் மேடு தட்டி நின்றது. துப்பாக்கி இல்லையே, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் ஒரு கடையில் அதே மாதிரி வாள் ஒன்று கண்ணில் பட்டது. கைப்பிடிக் காப்பின் உள்பக்கத்தில் எண் அடித்திருந்தது. கவியரசனுக்குத் தூக்கம் போயிற்று. நாகராஜன் வீட்டார் வருஷா வருஷம் புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்து வாளை மழுமழு என்று ஆக்கியிருந்தார்கள். ஆனால் காப்பின் உள்ளே வைக்கும் சந்தனத்தை யாரும் கழுவுவதில்லை. சாமிக்கு வைத்ததாயிற்றே! சந்தனத்தின் மேல் சந்தனமாக அங்கே அப்பிக் கிடந்தது. எண் இருந்தால் அதற்கு அடியில்தான் இருக்க வேண்டும்.

"ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு தெரிஞ்சா, அந்த ஆளு யாருன்னு எப்படிங்க தெரியும்?" என்று மனைவி ரஞ்சிதா கேட்டாள். அவர் முறைத்துவிட்டு நோட்டைப் புரட்டினார்.

ஆயுத பூஜை அன்று காலையில் டிரங்குப் பெட்டியோடு கோயிலுக்குப் போனார். பூசாரி அண்ணாமலை சூடம் காட்டி முடித்ததுதான் தாமதம், கவியரசன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாளின் கைப்பிடியில் ஊற்றித் தேய்க்கத் தொடங்கிவிட்டார். "சாமி சந்தனத்தைக் கரைக்கிறான்டா!" என்று நாகராஜன் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்தான். அதற்குள் மஞ்சளாகத் தண்ணீர் வழிந்து எண் தெரிந்தது. 147. கோட்டின் கழுத்துப்பட்டியை விரித்துக் காட்டினார். அதிலும் அதே எண்.

நாகராஜன் சட்டையை விட்டுவிட்டுச் சிரித்தான். "ரொம்ப நன்றிடா. ரெண்டும் எங்க தாத்தாவோடதுதான்னு நீயே நிரூபிச்சிட்ட."

கவியரசனுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "ஒங்க தாத்தாவோடதா? ஒங்க வீட்டுல பொறக்குற ஆம்பளை அம்புட்டுப் பேருக்கும் இடது தோள் சரிஞ்சிருக்கும். கோணத்தோள் வம்சம்! முடிஞ்சா போட்டுக் காட்டு. உடுப்பு பொய் சொல்லாது."

நாகராஜன் கோட்டை வாங்கி மாட்டினான். வயிற்றுக்கு மேல் பட்டன் சேரவில்லை. இழுத்துப் பார்த்தான், ஒன்று தெறித்து விழுந்தது. கூட்டம் கெக்கலித்தது. "அவனுக்குச் சேரலப்பா. கவியரசன் சொல்றதுதான் சரி" என்று சொல்லி அண்ணாமலை வாளை எடுத்துக் கவியரசன் கையில் கொடுத்தார். எவ்வளவு காலமாகக் காத்திருந்த நிமிஷம் அது!

ஆனால் தையல்காரன் கண் பட்டனைப் பார்க்காது, தோளைப் பார்க்கும். பிறந்ததிலிருந்து சரிந்தே நின்ற நாகராஜனின் இரண்டு தோளும் அந்தக் கோட்டுக்குள் ஒரே மட்டத்தில் நின்றன. மேடு இல்லை, சுருக்கம் இல்லை. பஞ்சுத் திண்டு பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. துப்பாக்கியாவது மண்ணாவது! கவியரசனுக்கு அவமானமாக இருந்தது. சும்மா இருந்தால் போதும். ஊருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

நாகராஜன் கோட்டுக் கையை உருவப் போனான்.

"கழட்டாதடா" என்றார் கவியரசன். "அந்தப் பஞ்சு ஒங்க தாத்தனோட கோணத்தோளுக்கு வச்சுத் தச்சது. அவருக்கு அளவெடுத்த கோட்டு அது. திருடுனது எங்க ஆளுதான்."

யாரும் சிரிக்கவில்லை. ரஞ்சிதா காலிப் பெட்டியை மூடினாள். நாகராஜன் வாழ்க்கையில் முதல் தடவையாக நேராக நின்றான்.

கவியரசன் வாளை அவன் கையில் திணித்தார். "அதுக்காக ஒன்கூட ஒரே பந்தியில ஒக்காந்து சாப்பிடுவேன்னு மட்டும் நெனைக்காத."