பாராளுமன்றம் கேட்ட ஜெயகௌரி

சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரத்து மேற்குப் பக்கத்தில், பூம்ப்ளிஸில் இருக்கும் முதியோர் இல்லமொன்றின் சலவைக்கூடத்தில் ஜெயகௌரிக்கு இருபது வருட வேலை. ஈரம் முழுதாய்க் காயாத படுக்கை விரிப்புகளை, துணியை அழுத்தித் தேய்க்கும் சூடான உருளைக்குள் கோணாமல் கொடுக்க வேண்டும். மறுபக்கம் வருவதை மடித்து அடுக்க வேண்டும். கூட நிற்கும் போர்த்துக்கல்காரியின் காதில் பாட்டு ஓடும். ஜெயகௌரியின் காதில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஓடும்.

அந்தப் பழக்கம் 2009 சித்திரையில் தொற்றியது. அவளுடைய தம்பி லண்டனில், பாராளுமன்றத்துக்கு முன்னால், யுத்தத்தை நிறுத்தக் கேட்ட கூட்டத்தோடு கூட்டமாய் நின்றான். உள்ளே இருப்பவர்கள் எங்களைப் பற்றி ஏதும் கதைக்கிறார்களா என்று அறிய இணையத்தில் நேரலையைத் திறந்தாள். பாதிக்கு மேல் விளங்கவில்லை. யுத்தம் முடிந்தது, தம்பி வீட்டுக்குப் போனான், அவள் மட்டும் கேட்பதை விடவில்லை. முதலில் கோபத்தில் கேட்டாள். பிறகு ஆங்கிலம் பழகக் கேட்டாள். அதன் பிறகு பிடித்துப்போய்க் கேட்டாள். பிரெக்சிட் காலத்தில் எந்த வாக்கெடுப்பு எப்படித் தோற்றது என்று ஒப்புவிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

உணவகச் சமையற்காரரான கணவர் பாலசிங்கத்துக்கு இது ஓயாத பகிடி.

"இஞ்சரும், உம்மட சபை கலைஞ்சிட்டுதெண்டால் சோத்தைப் போடும்."

"சபாநாயகர் இன்னும் எழும்பேல்லை. நீங்களே போட்டுச் சாப்பிடுங்கோ."

2024 பெப்ரவரியில் அவள் காது கூர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வருவோரின் தொகையைக் குறைக்கப் போகிறோம் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த காலம். இனிமேல் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் பிள்ளைகுட்டிகளைக் கூட்டிவர முடியாது என்று முடிவாகியிருந்தது. அப்படியென்றால் எங்கள் வயோதிபர்களை யார் பார்ப்பது என்று ஒரு பக்கம் கேட்டது. தொகை குறையத்தான் வேண்டும் என்று மறுபக்கம் சொன்னது. இடையில் ஒரு பெண் உறுப்பினர் எழுந்து, எந்தத் திகதிக்கு முன் விண்ணப்பித்தவர்களை இது பாதிக்காது என்று சுருக்கமாகக் கேட்டுவிட்டு அமர்ந்தார். மார்ச் பதினொன்று என்று பதில் வந்தது. ஜெயகௌரியின் கையிலிருந்த விரிப்பு உருளைக்குள் கோணலாகப் போனது.

காலஞ்சென்ற அக்காவின் மகள் சுகந்தி யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் இருந்தாள். கணவன் விபத்தில் போய்விட்டான். நான்கு வயது தக்ஷிகாதான் அவளுடைய உலகம். இங்கிலாந்தில், லெஸ்டரில் ஒரு பராமரிப்பு இல்லம் வேலை தருவதாக எழுதியிருந்தது. அன்று இடைவேளையிலேயே ஜெயகௌரி தொலைபேசி எடுத்தாள்.

"விசாவுக்குப் போட்டிட்டியோ பிள்ளை?"

"இல்லை, சின்னம்மா. தக்ஷிகாவின்ர பாஸ்போர்ட் இன்னும் வரேல்லை. வந்ததும் ரெண்டு பேருக்கும் ஒண்டாப் போடுவமெண்டு ஏஜென்சி அண்ணை சொன்னவர். ஏப்ரல் வரைக்கும் நேரமிருக்காம்."

"ஏப்ரலில வாறது கூடின சம்பளம் கேக்கிற விதி. இது வேற. பதினொண்டாந் திகதிக்கு முதல் நீ தனியப் போடு. அப்பிடிப் போட்டால் பிள்ளையைப் பிறகு கூப்பிடலாம். பிந்தினால் கூப்பிடவே ஏலாது."

"இவளை விட்டிட்டு நான் தனியப் போடவோ?" சுகந்தியின் குரல் மாறியது. "அண்ணை எத்தினை பேரை அனுப்பினவர். நீங்கள் அங்க துணி மடிச்சுக்கொண்டு நிண்டு..."

சொல்ல வந்ததை முடிக்காமல் போனை வைத்துவிட்டாள்.

ஜெயகௌரிக்குச் சுட்டது. அதைவிடப் பெரிதாய்ப் பயமும் வந்தது. தான் விளங்கியது பிழையென்றால், தாயையும் பிள்ளையையும் பிரித்த பாவம் தன் தலையில்தான். பதிவை மூன்று முறை திருப்பிக் கேட்டாள். அரசாங்கத்தின் விதிப் பக்கத்தை அச்செடுத்து, அகராதியோடு இருந்து வரி வரியாய்த் தமிழில் எழுதினாள். எழுதியதைக் கணவரிடம் நீட்டினாள். பாலசிங்கம் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். இந்த முறை பகிடி வரவில்லை.

"பதினைஞ்சு வருஷமாக் கேக்கிறீர். உமக்கு விளங்காமல் வேற ஆருக்கு விளங்கப்போகுது? திரும்ப எடும். அவள் ஏசினாலும் எடும்."

எடுத்தாள். தமிழில் எழுதியதைக் கடைசி வரி வரை வாசித்தாள்.

"இதை அண்ணைக்கும் அனுப்பு. அவர் பிழையெண்டு சொன்னால் எந்த வரி பிழையெண்டு காட்டச் சொல்லு."

ஏஜென்சிக்காரரால் எந்த வரியையும் காட்ட முடியவில்லை. மார்ச் ஏழாந் திகதி சுகந்தி தனியாக விண்ணப்பித்தாள். வைகாசியில் மகளை மாமியாரிடம் விட்டு அழுதுகொண்டு விமானம் ஏறினாள். ஆவணியில் தக்ஷிகா வந்து சேர்ந்தாள்.

அடுத்த விடுமுறைக்கு ஜெயகௌரி லெஸ்டர் போனாள். சுகந்தி தேத்தண்ணியை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

"சின்னம்மா, அண்டைக்கு நான் கதைச்சது..."

"துணி மடிக்கிறது உண்மைதானே. விடு."

அந்த வீட்டின் மற்ற அறையில் கேரளத்துப் பெண்ணொருத்தி, பெயர் ஷைனி, வாடகைக்கு இருந்தாள். அவளும் அதே இல்லத்தில்தான் வேலை. விண்ணப்பம் போட்டது மார்ச் இருபதில், ஒன்பது நாள் பிந்தி. அவளுடைய மகன் ஜோயல் கோட்டயத்தில் பாட்டி வீட்டில் வளர்கிறான். ஞாயிறு தோறும் தக்ஷிகாவுக்குத் தலைவாரி விடுவது ஷைனிதான். அன்றும் வாரினாள், பிள்ளை அவள் மடியிலேயே தூங்கிப்போனது. சுகந்தி தூக்கப் போனபோது, கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று ஷைனி கையால் காட்டினாள். ஜெயகௌரி தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்துவிட்டாள்.

பேர்ண் திரும்பிய வெள்ளிக்கிழமை ஐரோப்பா சதுக்கத்துக் கோயிலுக்குப் போனாள். அர்ச்சகர் தட்டை வாங்கினார்.

"பெயர்?"

"தெரியாது, ஐயா."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது. இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில ஒரு கேள்வி கேட்டவ. எங்கட பிள்ளை தாயோட இருக்கிறது அவவாலதான்."

அர்ச்சகர் சிரிப்பை அடக்கினார். "சரி, சுவாமி பெயரில செய்யிறன். அவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார்."

"இன்னொண்டு, ஐயா. இதுக்குப் பெயர் தெரியும். ஜோயல்."

கிறிஸ்தவப் பெயரைக் கேட்டு அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு பூவை எடுத்து, அந்தப் பெயரையும் உரக்கவே சொன்னார்.