‘போனாள்’ என்று சொன்னது நான்தான்

அந்தச் சொல்லைச் சொன்னது நான்தான். ரேவதி அல்ல. அவள் காதில் கோளாறு இல்லை, கையிலும் இல்லை. நான் சொன்னதை அவள் அப்படியே தட்டினாள். பிறகு, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொன்னேன்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? சொல்ல வேண்டியவளிடம் போய் நின்றும் எனக்கு வாய் வரவில்லை... அதனால்தான்.

நான் பள்ளிவாசல் என்கிற மலையூரில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுக்கிறாள். அப்பா ஃபேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் இருக்கிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டியவள் நான் மட்டும்தான், கல்லூரியையும் தாண்டினேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு என்றைக்கும் வெட்கம் இருந்ததில்லை. இப்போதும் இல்லை.

கொச்சியில் ஒரு சிறிய நிறுவனத்துக்காக, மலையாளப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது என் வேலை. வீட்டிலிருந்தே எழுதலாம். நான் மொழிபெயர்ப்பேன், கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த ரேவதி, குமுளியில் தன் வீட்டில் இருந்தபடி, வரிகளைப் படத்தின் நேரத்தோடு பொருத்துவாள். அவள் அப்பாவுக்கு அங்கே ஏலக்காய்க் கடை. இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் எங்களிடம் வந்தது.

பல காலம் மேடையில் நடந்த ஒரு பழைய கோர்ட் நாடகத்தைப் படமாக்கியிருந்தார்கள். ஒரு பங்களாவில் முதலாளி கொல்லப்படுகிறார். டிரைவர் கூண்டில் நிற்கிறான். ஏறக்குறைய முழுப் படமும் அந்த ஒரு கோர்ட் அறைக்குள்தான். ஒரு மேசை, ஒரு கூண்டு, பேசுகிற மனிதர்கள்... அவ்வளவே. பாட்டில்லை, சண்டையில்லை. ஆனாலும் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. மடியில் வைத்திருந்த தட்டில் சோறு காய்ந்து போயிருந்தது.

கடைசியில் கொலை செய்தது முதலாளியின் தங்கை என்று தெரிகிறபோது... எப்படிச் சொல்வது? மலை உச்சியில் மூடுபனி ஒரே மூச்சில் விலகினால், அதுவரை நாம் நின்றிருந்தது பாறையின் விளிம்பு என்று தெரியுமே, அப்படி இருந்தது. உடனே மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். மனிதர்கள் வெறும் பேச்சைக் கொண்டு இவ்வளவு பெரிய ஒன்றைக் கட்ட முடியுமா!

மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். எனக்கென்ன பயம்? மலையாளத்தில் ‘பிரதி’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். நமக்கு அது நகல். ‘வெறுதே விட்டு’ என்றால் விடுதலை செய்துவிட்டார்கள். வெறுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்கள் சறுக்குகிற இடங்கள் இவை. இரண்டு மொழிக்கும் நடுவிலேயே வளர்ந்த நான் சறுக்குவேனா?

அப்போது பெருமழை. எங்கள் மலையில் இணையம் செத்துப் போனது. எப்போதாவது ஃபோன் மட்டும் பேசியது. கெடு நெருங்கியதால் நான் வரிவரியாகச் சொல்ல, ரேவதி குமுளியில் தட்டினாள்.

“ஏண்டி, ஜட்ஜு மாதிரி இழுத்து இழுத்துச் சொல்ற? வெரசாச் சொல்லு, எங்கம்மா சோத்துக்குக் கூப்புடுது.”

“கொலக் கேசுடி. பயபக்தியாக் கேளு.”

“கேக்குறேன் தாயே. ஆனா முடிவ மட்டும் சொன்னேன்னு வையி, பஸ் ஏறி வந்து அடிப்பேன்.”

பங்களாவின் காவல்காரர் சாட்சி சொல்ல வருகிற இடம் வந்தது. கொலை நடந்தபோது மாடிப்படியில் பார்த்ததைப் பற்றிப் படத்தில் அவர் சொல்வது இதுதான்: “ஒராள் இறங்ஙிப் போயி.”

நான் சொன்னேன்: “ஒருத்தர் படியிறங்கிப் போனாள்.”

“போனாள்?”

“ஆமா. அடுத்தது.”

அவ்வளவுதான். ‘ஒருத்தர்’ என்று ஆரம்பித்து ‘போனாள்’ என்று முடித்திருக்கிறேன். இலக்கணமும் தப்பு. படத்தைப் பார்த்து முடித்த என் மனதில் அந்தப் படியில் இறங்குகிற உருவம் ஏற்கெனவே புடவை கட்டியிருந்தது... நாக்கு அதைப் பார்த்துச் சொல்லிவிட்டது. வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கதை தெரியாது. மழை விட்டதும் நான் ஒருமுறை சரிபார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நான் எழுதியதைச் சரிபார்க்க வேறு வேண்டுமா என்ற நினைப்பு.

படம் வெளியானது. தமிழில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். கொலைகாரி யார் என்று சப்டைட்டில் போட்டவர் முதலிலேயே சொல்லிவிட்டார், மிச்சப் படத்தை நாங்கள் எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேலி செய்தார்கள்.

அப்போதுதான் அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மலையாளத்தில் ‘போயி’ என்றால் போதும். போனது ஆணா பெண்ணா, அந்த வினைச்சொல் சொல்லாது. காவல்காரர் பொய் சொல்லவில்லை. வக்கீல்கள் ஏமாற்றவில்லை. கேட்டவர்கள், குற்றம் சாட்டப்பட்டு நின்ற டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்ததால், படியிறங்கியதும் ஆண் என்று தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். முழுக் கதையும் அந்த ஒரு மௌனத்தின் மேல் நிற்கிறது. நாடகத்தை மலையாளத்தில் எழுதியவர் இந்த இடத்தை எப்படித்தான் கண்டுபிடித்தாரோ!

நம் தமிழ் அவ்வளவு எளிதில் மௌனமாக இருக்க விடாது. போனானா, போனாளா என்று கேட்டு நிற்கும். இருவருக்கும் பொதுவான ‘போனார்’ என்று முடித்துத் தப்பியிருக்கலாம். இரண்டு மொழியும் என் இரண்டு கை என்று சொல்லித் திரிந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து பேசுகிற மொழிகளுக்குள் இப்படி ஒரு பள்ளத்தாக்கு இருப்பதை அன்றுதான் பார்த்தேன். அவமானத்துக்கு முன்னால் எனக்கு வந்தது வியப்புதான். நம்புவீர்களா?

ஃபோன் அடித்தது. கொச்சி மேனேஜர்.

“பூங்கொடி, இது ஆரா செய்தே? படம் மொத்தம் போயில்லே?”

யார் செய்தது, மொத்தப் படமும் போச்சே என்கிறார். அவர் கேள்வியிலும் ஆண் இல்லை, பெண் இல்லை. வெறும் ‘ஆரா’. அதற்கு விகுதி போட வேண்டியது நான்.

வாசலில் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் நான் முன்பு சப்டைட்டில் எழுதிய படம் ஒன்றில் என் பெயர் வருகிற இடத்தைச் செல்ஃபோனில் காட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் என் பெயரின் உருவம் தெரியும். “இந்தா, சுழிச்சுக்கிட்டு நிக்குதுல்ல, இதான் எம்புள்ள” என்பது என் காதில் விழுந்தது.

“நான் ‘போனார்’னுதான் சார் சொன்னேன்” என்றேன். “மழைச் சத்தத்துல அவளுக்கு மாறிக் கேட்டுருக்கும்.”

ரேவதிக்குக் கடை இருக்கிறது, அப்பா இருக்கிறார், அவள் விழுந்தாலும் மெத்தையில்தான் விழுவாள் என்று நினைத்தேன். இல்லை... நினைத்ததாக இப்போது சொல்கிறேன். அந்த நிமிடம் நான் எதையும் நினைக்கவில்லை. என் பெயர் மட்டும்தான் கண்ணில் நின்றது.

அன்றே அவளை நிறுத்திவிட்டார்கள். சொல்லைத் திருத்தினார்கள். அடுத்த படம் எனக்கு வந்தது. அவள் கூப்பிட்டாள். திரையில் அவள் பெயர் அணைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் குமுளிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழி நெடுக அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடையில் அவள் தராசுக்குப் பின்னால் இருந்தாள். “வாடி, பெரிய எழுத்துக்காரி. வழி தெரிஞ்சுச்சா?” என்று சிரித்தாள். எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வந்த ஒருவர் நூறு கிராம் ஏலக்காய் கேட்டார். “நூறுதானண்ணே?” என்றாள். அள்ளிவிட்டு மறுபடியும், “நூறுதான?” என்றாள்.

அவர் போனதும் நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நானே வரணும்னு இருந்தேன்டி. ஒன் மூஞ்சியில முழிக்க முடியாமத்தான் வரல. என்னால ஒம் பேரும்ல கெட்டுச்சு. நீ தெளிவா ‘போனார்’னு சொன்னது இப்ப நெனச்சாலும் கேக்குது. எங்கையி எப்படி மாத்தி அடிச்சுச்சுன்னுதான் தெரியல.”

கேட்கிறதாம் அவளுக்கு. நான் சொல்லாத சொல், என் குரலிலேயே!

“வேற ஒரு கம்பெனில கூப்புட்டாங்க. வேணாம்னுட்டேன். எங் காதையும் கையையும் நம்பி இன்னொருத்தரு வேலையக் கெடுக்க வேணாம்ல. கோவமாடி எம்மேல?”

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். இரு மொழியும் படித்த என்னிடம் அது தயாராகவும் இருந்தது. ஆனால் நான் சொன்னது வேறு.

“பரவால்லடி, விடு” என்றேன். “நான் எப்பவோ மறந்துட்டேன்.”

அவள் கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னாள்.